கலாசாலை வசதியும் மாணாக்கர் திருப்தியும்

கலாசாலை வசதிகள் போதுமா என்று எல்லாப் பிரிவு மாணாக்கரையும் கேட்டு, விடைகளைக் கூட்டிச் சராசரி காண்பது சுலபம். ஆனால் அச்சராசரி எப்பிரிவின் குறையையும் தனியே காட்டாது. எருவிடுமுன் மண்ணை வயல்தோறும் சோதிக்கிறோமன்றோ? இதுவும் அத்தகையதே.

தமிழ்நாட்டில் விவசாயக் கல்வி 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-இல் சர்வகலாசாலையாய் வளர்ந்தது. இன்று விவசாயத்துடன் தோட்டக்கலை, வனவியல், பட்டுப்புழு வளர்ப்பு, விவசாயப் பொறியியல் முதலிய பிரிவுகளும் உள. பொறியியலுக்குப் பட்டறை வேண்டும். தோட்டக்கலைக்கு ஒட்டுக்கட்டத் தாய்ச்செடிகள் வேண்டும். பட்டுப்புழுவுக்கு மல்பெரித் தோட்டம் வேண்டும். பட்டறையை எந்நாளும் திறக்கலாம். நெல் பயில்வோனுக்குரிய நன்செயோ பருவத்தில்தான் பயன்படும்.

காவிரிப் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. குறுவை, சம்பா, தாளடி மூன்றும் இதற்குள் நடைபெறுவன. நடவு நாளில் பரீட்சையோ விடுமுறையோ வந்துவிடின், கலாசாலைக்கு நிலமிருந்தும் மாணாக்கனுக்கு இல்லாததற்கே சமம்.

கருவிகளின் தொகையும் அவ்வாறே. நாற்பது பேருக்குச் சுழல் களைக்கருவி நான்கு இருப்பின், ஒரு மணி நேரத்தில் ஒருவன் கைக்கு அது ஆறு நிமிஷமே கிட்டும். கணக்கேட்டில் 'கருவி உண்டு' என்றே இருக்கும்.

இக்குறை கலாசாலையோடு நிற்பதன்று. செயல்விளக்கத்துக்கு வரும் இளைஞர் சிலர் விதையளவைத் தவறின்றிச் சொல்வர். முளைகட்டிய விதையைச் சேற்றில் சீராய்த் தெளிக்கக் கை வராது. குடியானவர் இதை ஒரு பார்வையில் அறிவார். பின்னர் அவ்விளைஞர் கூறும் உர அளவையும் நம்பார்.

ஆதலின் செய்யத்தக்கவை மூன்று:

முதலாவது, பிரிவுவாரியாக, பருவ முடிவில் விசாரித்தல். 'திருப்தியா?' என்பதோடு நில்லாமல், எத்தனை நாள் வயலில் இறங்கினர், ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, டெல்டாக் கலாசாலைகளில் செய்முறை வகுப்புகளை நீர்வரத்தை அனுசரித்து அமைத்தல்.

மூன்றாவது, இடம் போதாதபோது ஆடுதுறையை நாடுதல். 1922-இல் நிறுவப்பெற்று ஆ.து. 36, ஆ.து. 43 முதலிய குறுவை ரகங்களை அளித்த அந்நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு போகம் முழுதும் பயிலச் செய்யலாம்.

மிராசுதார்களுக்கும் இதில் பங்குண்டு. இறுதி ஆண்டு மாணாக்கர் கிராமத்தில் தங்கிப் பயில வரும்போது, அவர்களை வரப்பில் நிறுத்தாமல் சேற்றில் இறக்கி, அண்டை வெட்டவும் பரம்படிக்கவும் பழக்குவீர்களாக. அதன் பலன் பின்னர் உங்கள் வயலுக்கே வந்து சேரும்.