முதலில் ஸ்பேனர், பிறகு பர்ஸ்

மாடம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போய் வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால், படப்பை தாண்டியதும் ஒரகடம். 2013இல் ராயல் என்ஃபீல்டு அங்கே ஆலை திறந்தது. பின்னர் பக்கத்து வல்லம் வடகாலில் இன்னொன்று. 2016இல் வெளிவந்த ஹிமாலயன் பைக்குக்குப் பெயர் இமயத்திலிருந்து வந்தாலும் பிறந்த இடம் நம் பக்கம்தான். என்னிடம் இருப்பது 411 சிசி, பிஎஸ்6 மாடல். எடை 199 கிலோ, சீட் உயரம் 800 மில்லிமீட்டர், 15 லிட்டர் டேங்க், முன்னால் 21 அங்குலச் சக்கரம். 2023 கடைசியில் 452 சிசி எஞ்சினோடு புது ஹிமாலயன் வந்தபின் இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் தாம்பரம் பக்கம் அடிக்கடி கண்ணில் படுகிறது.

நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். மனைவியின் ஊர் கயத்தாறு பக்கம். ஜிஎஸ்டி சாலையைப் பிடித்தால் 500 கிலோமீட்டருக்கும் மேல். பைக்கிலேயே இருவரும் போய்வருகிறோம். வாசலில் நான் வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, புதிதாக இந்த ரக வண்டி வாங்கிய தெருப் பையன்கள் வந்து நிற்பார்கள். “அங்கிள், முதல்ல என்ன மாட்டலாம்?” என்பார்கள். “ஒண்ணும் மாட்டாதப்பா, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு” என்பேன்.

ஆலை ஒரே அளவில்தான் வண்டியைக் கட்ட முடியும். ஆறடி ஆளும் ஐந்தடி ஆளும் அதே வண்டியைத்தான் வாங்குகிறார்கள். ஓட்டுபவரின் கை நீளம், இடுப்பு அகலம், முழங்கால் மடங்கும் கோணம் எல்லாம் வீட்டு வாசலில் வைத்துத்தான் வண்டிக்குச் சொல்லித்தர வேண்டும். அதில் பாதி வேலைக்குக் காசே செலவாகாது.

கிளட்ச், பிரேக் லிவர்களைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து விரலை லிவர் மேல் வைத்தால் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை கை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கை மரத்துவிடும். லிவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, சற்றுக் கீழே திருப்பி இறுக்கினால் போதும். நின்றுகொண்டும் ஓட்டுகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் கீழே திருப்புங்கள். பின் பிரேக் பெடல், காலை ஃபூட்ரெஸ்டில் வைத்ததும் கணுக்காலைத் தூக்காமல் பாதத்துக்கு அடியில் அகப்பட வேண்டும். அதை மாற்றிய பிறகு பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்காமல் தெருவில் இறங்காதீர்கள்.

அடுத்தது பின் சஸ்பென்ஷன். அதன் ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை மாறாது. பாரம் ஏறும்போது வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் மாறும். பின்னால் ஆளும் பெட்டியும் ஏறி பின்பக்கம் அமுங்கிப்போனால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும், முன்சக்கரம் லேசாகும், பள்ளத்தில் அடிவிழும். ஊருக்குக் கிளம்புமுன் அந்த வளையத்தை இறுக்குவதும், திரும்பிவந்ததும் தளர்த்துவதும் எனக்கு வழக்கம்.

இதெல்லாம் முடித்துச் சில நாள் ஓட்டியபிறகும் வலிக்கிற இடம் எதுவோ அதற்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும். எனக்கு அது சீட். நீண்ட பயணத்தில் நம் எடையில் பெரும்பகுதி இரண்டு உட்காரும் எலும்புகளில் இறங்குகிறது. மெத்தென்று இருந்தால் சுகம் என்று தோன்றும். ஆனால் மெத்தென்ற ஃபோம் ஒரு மணி நேரத்தில் அமுங்கி அடித்தட்டில் போய் முட்டும். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. அடர்ந்த ஃபோம் நாள்பட உழைக்கும் என்பது உண்மை. அது கெட்டியா, மெத்தென்றதா என்பது வேறு விஷயம். அதனால் கையால் அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள். தரையில் போட்டு அதன்மேல் உட்காருங்கள். கால் மணி நேரமாவது உட்காருங்கள்.

குஷன் தைப்பவரிடம் நான் கேட்டவை நான்கே. உட்காரும் இடம் அகலமாகவும் தட்டையாகவும் வேண்டும். தொடை இறங்கும் முன்பகுதி குறுகலாக வேண்டும். உயரம் குறைந்தவனுக்குக் கால் தரையில் ஊன்ற அதுதான் வழி. ரெக்சின் தையல் எலும்பு படும் இடத்தில் வரக்கூடாது, அடியில் தண்ணீர் இறங்காத ஷீட் ஒன்று வேண்டும். “சீட்டையே தாழ்த்திடலாம் சார், கால் நல்லா எட்டும்” என்றார் அவர். சீட்டைத் தாழ்த்தினால் முழங்கால் அதிகம் மடங்கும். ஊர் போய் இறங்கும்போது கால் நீட்ட வராது. முன்பக்கத்தைச் செதுக்கினாலே போதும் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன். நம் ஊர் வெயிலுக்கு மேலே வலைத்துணி உறை ஒன்று போட்டுக்கொண்டால் காற்று ஓடும், வேர்வை தங்காது.

காற்றுத் தடுப்புக் கண்ணாடி பற்றித்தான் அதிகம் தவறான ஆலோசனை கிடைக்கிறது. உயரமான கண்ணாடி எல்லோருக்கும் நல்லதல்ல. கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழன்றுகொண்டே வரும். அந்தச் சுழல் ஹெல்மெட்டில் வந்து மோதினால் தலை ஆடும், காது இரையும். வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். காலியான நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது உடம்பைச் சற்றுக் குனியுங்கள். இரைச்சல் குறைந்தால் உயரமான கண்ணாடி உதவும். நிமிர்ந்து எழும்பினால் குறைகிறதென்றால் குட்டையான கண்ணாடிதான் உங்களுக்கு. எப்படியானாலும் கண்ணாடிக்கு மேலாகத்தான் சாலை தெரிய வேண்டும். மழை பெய்யும் இரவில் பிளாஸ்டிக் வழியாகச் சாலையைப் பார்ப்பது ஆபத்து.

பக்கப் பெட்டிக்கான ராக் மாட்டும்போது பலர் முதலில் கழற்றி வீசுவது சேலை கார்டை. என் மனைவி சேலை கட்டித்தான் வருவார். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபூட்ரெஸ்ட், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருந்தாக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி. ஆகவே கார்டு இருந்தபடியே மாட்டக்கூடிய ராக்கைத் தேடினேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் இரண்டு இரும்புப் பட்டைகளை நானே வளைத்துத் துளைபோட்டேன். கனமான சாமான் பக்கப் பெட்டியில், தாழ்வாக, இரண்டு பக்கமும் சம எடையில். மேல்பெட்டியில் மழைக்கோட்டும் பலகாரமும் மட்டும். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். தென்மேற்குப் பருவ மாதங்களில் கயத்தாறு காற்றாலைகளைக் கடந்திருப்பவர்களுக்கு, உயரமான பெட்டியைப் பக்கக் காற்று எப்படித் தள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. மேல்பெட்டியில் சாய்மானம் ஒட்டியதும் மனைவி சொன்னார்: “இப்பதாங்க விழுப்புரம் தாண்டியும் உங்க சட்டையைப் பிடிச்சுத் தொங்காம வர்றேன்.”

மின்சார வேலையை அவசரமாகச் செய்யக்கூடாது. இரண்டு எல்இடி விளக்கு சேர்ந்து 40 வாட் என்றால், 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். இருக்கட்டுமே என்று 15 போட்டால் ஃபியூஸ் பிழைத்து வயர் எரியும். அந்த ஃபியூஸும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஹெட்லைட் வயரைச் சீவி அதிலிருந்து கிளை எடுக்காதீர்கள். ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள். சாவியை அணைத்தால் ரிலேயும் அணைய வேண்டும். வேலை தொடங்கும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். கைப்பிடியை உயர்த்த ரைசர் போட்டவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எஞ்சின் ஓடும்போது கைப்பிடியை இரு கோடிக்கும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்சியில் பதிவான, கம்பெனி தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சைலன்சர், சேஸிஸ் பக்கம் போகாதீர்கள். தெரு அதிர்கிற சைலன்சர் ஓட்டுபவருக்கும் சுகம் தராது, தூங்கும் குழந்தைக்கும் தராது.

எல்லாம் மாட்டிய பிறகு கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு காலை ஒரு ஒத்திகை ஓட்டம் உண்டு. டேங்க் நிறையப் பெட்ரோல், பெட்டிகளில் உண்மையான சாமான், பின்னால் மனைவி. டயர் சூடாகுமுன் காற்றழுத்தம் பார்த்துவிட்டு, அகரம்தென் வழியாக வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை போய்த் திரும்புவோம். இந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் 86 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. அந்த அதிர்வு புதிதாகப் போட்ட போல்ட்டைத்தான் முதலில் தேடிப்போகும். இறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்து இரும்பு வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருப்பேன். வீடு திரும்பியதும் சாமானை இறக்குமுன் கோடுகளைப் பார்ப்பேன். கோடு உடைந்திருந்தால் அந்த போல்ட்டைக் கழற்றி, மரையைத் துடைத்து, நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு விட்டு, டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். அந்தத் திரவம் முழுதாக இறுக ஒரு நாள் பிடிக்கும் என்பதால்தான் ஒத்திகையை முந்தின நாள் வைத்துக்கொள்வதில்லை.