மீடியம் பார்மட் கேமராவில் ஒளிக்கசிவு

ஒளிக்கசிவு என்பது படச்சுருள் கேமராவின் இடுக்கு, ஓட்டை அல்லது தேய்ந்த அடைப்பு வழியாக வெளிச்சம் உள்ளே நுழைந்து சுருளில் கறை உண்டாக்கும் பழுதாகும். இக்கறை நெகட்டிவில் கருமையாகவும், அச்சிட்ட படத்தில் வெண்மையாகவும் தெரியும். வண்ணப் படங்களில் பெரும்பாலும் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

பின்னணி

மீடியம் பார்மட் கேமராக்களில் பயன்படும் 120 வகைச் சுருளைக் கோடாக் நிறுவனம் 1901-இல் அறிமுகப்படுத்தியது. இதன் அகலம் ஏறத்தாழ 6 செ.மீ. 35 மி.மீ. சுருளைப் போல இதற்கு உலோகக் கூடு கிடையாது. சுருளுடன் சேர்த்துச் சுற்றப்பட்ட தாள் மட்டுமே இதனை வெளிச்சத்திலிருந்து காக்கிறது.

இந்தியாவில் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது, வடோதராவின் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த அக்ஃபா கிளிக் 3. இது 6×6 செ.மீ. அளவில் 12 படங்கள் எடுக்கும். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருள்களைத் தயாரித்து வந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டதால், பழைய கேமராவை மீண்டும் பயன்படுத்துவோர் இறக்குமதிச் சுருளையே நம்ப வேண்டியுள்ளது. ஆகவே, சுருள்களை வீணாக்காமல் பழுதைக் கண்டறிவது முக்கியம். அதற்கு முதல் சான்று நெகட்டிவே.

கறையின் இடமும் காரணமும்

கேமராவுக்குள் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது. எனவே படத்தின் மேற்பகுதியில் உள்ள கறை கேமராவின் கீழ்ப்பகுதியிலிருந்தும், இடப்பக்கக் கறை வலப்பக்கத்திலிருந்தும் வந்திருக்கும்.

கறை படச்சட்டத்தின் எல்லையோடு நின்றுவிட்டால், வெளிச்சம் லென்சின் பக்கத்திலிருந்து வந்துள்ளது. ஷட்டர் அல்லது மடிப்புக் கேமராவின் துருத்தி காரணமாக இருக்கலாம். கறை சட்டத்தைத் தாண்டிச் சுருளின் ஓரம் வரை பரவியிருந்தால், பின்மூடியின் அடைப்பைச் சோதிக்க வேண்டும்.

படத்தின் நடுப்பகுதியில் வட்டமான கறை இருந்தால், பட எண்ணைக் காட்டும் சிவப்புச் சன்னல் காரணமாகலாம். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் சுருளைச் சிவப்பு ஒளி பாதிக்காது. இன்றைய பான்குரோமாட்டிக் சுருளைப் பாதிக்கும்.

சுருளின் இரு ஓரங்களிலும் அலைபோலக் கறை இருந்தால் கேமராவில் பழுது இல்லாமலும் இருக்கலாம். சுருள் தளர்வாகச் சுற்றப்பட்டதாலோ, வெயிலில் மாற்றப்பட்டதாலோ இது நேரும்.

சூரியனை நோக்கி எடுத்த படங்களில் மட்டும் வெளிறல் தோன்றினால், அது பெரும்பாலும் லென்சுக்குள் ஏற்படும் ஒளிச்சிதறலே.

சோதனை

துருத்தியைச் சோதிக்கச் சுருள் தேவையில்லை. இருட்டறையில் பின்மூடியைத் திறந்து, உள்ளே சிறு டார்ச் விளக்கை வைத்து வெளியிலிருந்து பார்த்தால் ஊசிமுனை ஓட்டையும் தெரியும். மடிப்புகளின் மூலைகளே முதலில் கிழியும்.

மற்ற இடங்களுக்கு ஒரு சுருள் போதுமானது. லென்சை மூடி, ஒவ்வொரு சட்டத்துக்கும் கேமராவின் வெவ்வேறு பக்கத்தைச் சில நிமிடங்கள் வெயிலில் காட்டி, எந்தச் சட்டத்துக்கு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கழுவிய சுருளில் கறை படிந்த சட்டம் பழுதான பக்கத்தைக் காட்டிவிடும்.

சரிசெய்தல்

அடைப்புப் பஞ்சு பிசுபிசுப்பாகியிருந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுத்துப் புதிய கருப்புப் பஞ்சை ஒட்ட வேண்டும். பழைய பஞ்சின் துகள்கள் ஷட்டருக்குள் விழாமல் பார்த்துக்கொள்வது அவசியம். துருத்தியின் சிறு ஓட்டைகளை நெகிழும் கருப்புப் பூச்சால் அடைக்கலாம். கிழிசல் பெரிதானால் துருத்தியையே மாற்ற வேண்டும். சிவப்புச் சன்னலைக் கருப்பு டேப்பால் மூடி, சுருளை நகர்த்தும்போது மட்டும் நிழலில் திறந்து பார்க்கலாம். சுருளை எப்போதும் நிழலில் மாற்றி, எடுத்தவுடன் இறுக்கி ஒட்டிவிட வேண்டும்.