வெளித் தண்டவாளம் ஏன் உயர்ந்திருக்கிறது?

ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. எங்கே திரும்ப வேண்டும், எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்பதெல்லாம் பாதை போடும்போதே முடிவாகிவிடுகிறது. அதிலும் வளைவுகள்தான் பாதை வடிவமைப்பின் கடினமான பகுதி.

வளைவில் ஓடும் ரயிலை மையவிலக்கு விசை வெளிப்பக்கம் தள்ளும். அதை ஈடுகட்ட, வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தைவிட உயர்த்திப் போடுகிறார்கள். இந்த உயர்வுக்கு ரயில்வேயில் 'கேன்ட்' என்று பெயர். வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் கேன்ட் நான்கு மடங்காகும். வளைவின் ஆரம் பெரிதாகப் பெரிதாக அது குறையும்.

நம் அகலப் பாதையில் 875 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸுக்கு இங்கே 157 மி.மீ. கேன்ட் இருந்தால் விசை முழுதும் சமனாகும். 60 கி.மீ. வேகத்தில் வரும் சரக்கு ரயிலுக்கு 57 மி.மீ. போதும். இரண்டும் ஓடுவதோ ஒரே பாதையில். எக்ஸ்பிரஸுக்காக உயர்த்தினால் சரக்கு ரயிலின் பாரம் உள்பக்கம் சாய்ந்து, உள் தண்டவாளத்தின் தலை நசுங்கும். சரக்கு ரயிலுக்காகத் தாழ்த்தினால் எக்ஸ்பிரஸின் சக்கர விளிம்பு வெளித் தண்டவாளத்தின் பக்கவாட்டை அழுத்தித் தேய்க்கும்.

ஆகவே இடைப்பட்ட ஓர் அளவுக்கு வருகிறார்கள். தேவைக்கு 75 மி.மீ. வரை குறைந்தாலும் கூடினாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய ரயில்வேயின் பொதுவான வரம்பு. இந்த வளைவில் 90 மி.மீ. வைத்தால் எக்ஸ்பிரஸுக்கு 67 குறையும், சரக்கு ரயிலுக்கு 33 கூடும். இரண்டும் பத்திரமாகப் போகும்.

நேர்ப்பாதை முடிந்ததுமே இந்த 90 மி.மீ. உயர்வைக் கொடுத்துவிட முடியாது. கொடுத்தால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பும் அபாயமும் உண்டு. அதனால் நேர்ப்பாதைக்கும் வட்ட வளைவுக்கும் நடுவே ஒரு மாறுநிலை வளைவு போடப்படுகிறது. அதில் வளைவும் உயர்வும் சேர்ந்தே படிப்படியாகக் கூடிவரும். பொதுவாக 720 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ.க்கு மேல் உயர்த்தக் கூடாது. அப்படியானால் நம் வளைவின் இரு முனையிலும் குறைந்தது 65 மீட்டர் மாறுநிலை வளைவு வேண்டும்.

போட்ட வடிவம் அப்படியே நிற்பதில்லை. ஒவ்வொரு ரயிலும் ஜல்லியைக் கொஞ்சம் அசைத்துவிட்டுத்தான் போகிறது. அதனால் பாதைப் பராமரிப்பாளர்கள் 20 மீட்டர் நூலை வெளித் தண்டவாளத்தின் உள்விளிம்பில் இரு முனையும் பதிய இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளக்கிறார்கள். 875 மீட்டர் ஆரமென்றால் 57 மி.மீ. வர வேண்டும். ஓரிடத்தில் 65, அடுத்த இடத்தில் 50 என்று வந்தால் அங்கே வளைவு கெட்டிருக்கிறது என்று பொருள். பாதையைப் பக்கவாட்டில் நகர்த்திச் சரிசெய்வார்கள். அளக்கும் இயந்திர வண்டிகள் வந்த பிறகும் இந்த நூல் முறை வழக்கொழியவில்லை.

பாதை போடும்போது தேர்ந்தெடுத்த ஆரம் பிற்காலத்து ரயில்களையும் கட்டுப்படுத்தும். ஜப்பானில் 1964இல் திறக்கப்பட்ட டோக்கியோ–ஒசாகா ஷிங்கான்சென் பாதையின் வளைவுகளுக்குப் பொதுவாகக் குறைந்தபட்சம் 2,500 மீட்டர் ஆரம் வைத்தார்கள். ஒசாகாவுக்கு மேற்கே பின்னர் போட்ட சான்யோ பாதைக்கு 4,000 மீட்டர். சான்யோவில் 300 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில்கள் பழைய பாதையில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. 2007இல் வந்த என்700 ரயில், பெட்டியை ஒரு டிகிரி சாய்த்துத்தான் அங்குள்ள வளைவுகளில் 270 கி.மீ. வேகத்தை எட்டியது.

சில பத்தாண்டுகளில் ரயிலை மாற்றிவிடலாம். வளைவை மாற்ற வேண்டுமென்றால் நிலம் எடுக்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும், குடியிருப்புகளை அகற்ற வேண்டும். புதிய பாதை திட்டமிடுவோர் இன்றைய வேகத்துக்கு மட்டும் கணக்குப் போடாமல் ஆரத்தைத் தாராளமாக வைக்க வேண்டும். அதற்கு இன்று ஆகும் கூடுதல் செலவு அடுத்த தலைமுறையின் வேகத்துக்கான முதலீடு.