குடியா, மனநோயா? விரத நாளில் கவனியுங்கள்!

தசரா நெருங்கிவிட்டால் எங்கள் குலசேகரன்பட்டினத்திலும் சுற்று வட்டாரத்திலும் பல வீட்டுப் பெண்களுக்கு ஒரு நிம்மதி. முத்தாரம்மனுக்கு மாலை போட்டு 48 நாள், 41 நாள், 21 நாள் என்று விரதம் இருக்கும் ஆண்கள் அத்தனை நாளும் குடியைத் தொட மாட்டார்கள். காளி வேஷமோ குறவன் வேஷமோ கட்டி, வீடு வீடாகத் தர்மம் எடுத்து உண்டியலில் சேர்ப்பார்கள். சூரசம்ஹாரம் முடிந்து காப்புக் களைந்த பிறகு? "எக்கா, அவிய மறுபடியும் கடைக்குப் போயிட்டாவ" என்ற புலம்பல்தான்.

41 நாள் சும்மா இருந்தவரால் பிறகு ஏன் முடியவில்லை? 'மனசுல உறுதி கிடையாது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பலருக்குக் குடிக்குப் பின்னால் மனச்சோர்வு, காரணமில்லாத பயம், சந்தேகம், காதில் குரல் கேட்பது என்று இன்னொரு வியாதி ஒளிந்திருக்கிறது. அதை மறக்கக் குடிக்கிறார்கள். போதை தெளிந்ததும் பதற்றம் முன்னைவிட அதிகமாக வருகிறது. இன்னும் சிலருக்கு நாள்பட்ட குடியே மனதைக் கெடுத்து விடுகிறது. கஞ்சா பிடிக்கும் வாலிபப் பிள்ளைகளிலும் சிலருக்கு இப்படிச் சித்தம் கலங்குவதுண்டு.

எது முதலில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் விரத நாட்கள் நமக்கு உதவுகின்றன. குடியால் வந்த சோர்வு பெரும்பாலும் நிறுத்திய மூன்று, நான்கு வாரங்களில் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, தனியே பேசுகிறார் என்றால், தனியாக ஒரு மனநோய் இருக்கலாம். தேதி போட்டுக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். 'சாகணும் போல இருக்கு' என்றால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் மாலை போட்ட அன்றே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளில் கை நடுக்கமும் வியர்வையும், சிலருக்கு வலிப்பும் வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் தெரியும், பிதற்றுவார். 'அம்மன் இறங்கிட்டா', 'பேய் பிடிச்சிட்டு' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே மோசம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்தால், நடுக்கத்துக்கு மாத்திரையும் 'பி1' வைட்டமினும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார். விரதமும் கெடாது.

'குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்' என்று விற்கும் பொடியைக் காப்பியில் கலக்கவே கலக்காதீர்கள். குடியை வெறுக்க வைக்கும் மருந்து அதில் இருந்து, அதன்மேல் அவர் குடித்தால், வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, மரணம்கூட ஏற்படலாம். மனநோய் உள்ளவருக்கு அந்த மருந்தே நோயை அதிகமாக்கும்.

இரண்டு வியாதிக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் வேண்டும். ஒன்றை விட்டால் அது மற்றதைத் திரும்ப இழுத்து வரும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமே, குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனக்கோளாறுகளையும் மனநோய் என்றுதான் சொல்கிறது. ஆகவே தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 'குடிக்கிறதைச் சொன்னா கேவலம்' என்று பாதியை மறைத்தால் பாதி வைத்தியம்தான் கிடைக்கும். வீட்டிலிருந்தே பேச 14416 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் குடிநோய்ச் சிகிச்சை மையம் தொடங்கினார். குடிப்பவரோடு மனைவிக்கும் அங்கே ஆலோசனை உண்டு. நமக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஆறுதல் அவசியம்தானே!

சகோதரிகளே, அடுத்த தசராவுக்கு மாலை வாங்கும்போதே டாக்டரைப் பார்க்க ஒரு நாளும் குறித்துவிடுங்கள். அம்மன் கொடுத்த அந்த 41 நாளை வீணாக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.