தீவுக்குப் பின்பக்கம் கிடையாது

புயல் என்றதும் எல்லாரும் காற்றின் வேகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். பாம்பனில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்திய நான், கடல் எவ்வளவு உயரம் ஏறும் என்றுதான் முதலில் கேட்பேன். 1964 டிசம்பர் புயலில், எங்கள் தீவின் முனையிலிருந்த தனுஷ்கோடியில் பெரும்பாலான உயிர்களை எடுத்தது தண்ணீர்.

அந்தப் புயல் பிறந்த இடமே விசித்திரமானது. டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் அது தாழ்வு மண்டலமாகத் தொடங்கியது. கடல் சூடாக இருந்தால் மட்டும் புயல் உண்டாகிவிடாது. உள்ளே பாயும் காற்றைப் பூமியின் சுழற்சி திருப்பிவிட வேண்டும். அப்போதுதான் அது சுழலும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தத் திருப்பம் குறைந்துகொண்டே போகும். அதனால் அந்தப் பகுதியில் புயல் உருவாவது அபூர்வம். இது உருவானது. 19ஆம் தேதி கடும் புயலாகி, ஏறக்குறைய நேர்கோட்டில் மேற்கே நகர்ந்து, 22ஆம் தேதி வவுனியா வழியாக இலங்கையைக் கடந்தது. அன்றிரவே தனுஷ்கோடி. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாக மதிப்பிட்டார்கள். கடல் ஏழு மீட்டர் வரை எழும்பியதாகச் சொல்கிறார்கள்.

ஏழு மீட்டர் எப்படி எழும்பும்? புயலின் நடுவே காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஐம்பது மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். மற்றதெல்லாம் காற்று தள்ளிக் குவிக்கும் தண்ணீரும் அதன்மேல் புரளும் அலையும். ஆழ்கடலில் அப்படித் தள்ளப்படும் நீர் அடிவழியாகத் திரும்பிவிடும். எங்கள் வடக்குக் கடலான பாக் நீரிணையில் அதற்கு ஏது ஆழம்? நங்கூரம் இறக்கினால் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் மண் தட்டிவிடும். போக்கிடம் இல்லாத தண்ணீர் கரை ஏறுகிறது.

இதில் தனுஷ்கோடியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். வடக்கே பாக் நீரிணை. அமைதியாகக் கிடப்பதால் பெண் கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். இடையில் ஒடுங்கிய மணல்திட்டு. வாடைக்காலத்தில் வடக்கே கொந்தளித்தால் வல்லத்தைத் தெற்கே தள்ளிக்கொள்ளலாம். கச்சான் காலத்தில் தெற்கு பொங்கினால் வடக்கே. வருஷம் முழுக்கச் சோறு போட்டது இந்த இரண்டு கடல். புயலன்று அதுவே எமனாயிற்று. மேற்கே நகரும் புயலின் முன்பாதியில் காற்று வடக்கிலிருந்து வீசும். மையம் தாண்டியதும் தெற்கிலிருந்து வீசும். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ கடல் ஏறினால் மேற்கே ஓடலாம். தனுஷ்கோடிக்காரர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள்?

நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயில் ஊருக்கு அருகில் போனபோது சிக்னல் எரியவில்லை. நின்று, பிறகு மெல்ல நகர்ந்தபோது அலை வாரிக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மொத்தச் சாவு சுமார் 1,800 என்பார்கள். எழும்பூரிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறும் துறைமுக ஊராக இருந்தது தனுஷ்கோடி. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர்.

பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதைச் சரிசெய்தார்கள். அந்தச் சாதனையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை யாரும் திரும்பப் போடவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போயிற்று. கடல் தொழிலைத் தவிர வேறு தெரியாத குடும்பங்கள் மட்டும் அந்த மணலுக்கே திரும்பி ஓலைக்குடிசை போட்டுக்கொண்டன. ஊரின் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிட்டால் அங்கே மீனும் வராது என்று நினைத்தார்களா?

அங்கே குடிதண்ணீர் எடுப்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு பெண் குத்துக்காலிட்டுக் கையால் மணலைப் பறிக்கிறாள். முழங்கை ஆழத்தில் ஊற்று கசிகிறது. கலங்கல் தெளியும்வரை பொறுத்து, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள். குடித்தால் உப்புக் கரிக்காது. மணலில் இறங்கிய மழைநீர், கனம் கூடிய உப்புநீரின் மேலே மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கடல் புகுந்தால் அந்த அடுக்கு கெட்டுவிடும். நல்ல மழை பெய்து கழுவினால்தான் தேறும். "அந்தப் புயலுக்கப்புறம் ஊத்தெல்லாம் உப்பாப் போச்சுன்னு எங்க மாமியா சொல்லுவாக டீச்சர். செத்தவுகளுக்கு அழுகவா, பிள்ளைகளுக்குத் தண்ணி தேடவான்னு தெரியலையாம்" என்றாள் அவள்.

2020 டிசம்பரில் புரெவி புயல் கிட்டத்தட்ட அதே வழியாகத்தான் இலங்கையைத் தாண்டி எங்களை நோக்கி வந்தது. நல்லவேளை, பாம்பன் பக்கத்திலேயே வலுவிழந்துவிட்டது. இந்தத் தடவை முன்கூட்டியே புயல் கூண்டு ஏற்றினார்கள், படகுகளைக் கரையேற்றினார்கள், தாழ்வான இடத்துச் சனங்களை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். இதில் வந்திருக்கும் முன்னேற்றத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைவரை 2017இல் திறந்த தார்ச்சாலையும் இரண்டு கடலுக்கும் நடுவில்தான் போகிறது. கடல் ஏறினால் முதலில் மூழ்குவது அதுதான். ஆகவே அந்தக் குடிசைக்காரர்களைச் சாலை காய்ந்திருக்கும்போதே, அதாவது காற்று வலுக்கும் முன்பே, வண்டி அனுப்பி ஏற்றிவர வேண்டும். அவர்களோடு வலையையும் எஞ்சினையும் ஏற்ற இடம் வேண்டும். அவை கரையில் கிடக்கும்வரை வீட்டு ஆண்கள் வண்டியேற மாட்டார்கள்.