டேட்டா கார்டு
மடிக்கணினிக்கான செல்பேசி இணையக் கருவி, சுமார் 2009

சிம் அட்டையிட்ட இக்கருவியை மடிக்கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகினால், தொலைபேசிக் கம்பி இல்லாமலே இணையம் கிடைத்தது. விசைத்தறிச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் வியாபாரிகளுக்கு, வெளியூரில் இருந்தபடியே விலைப்பட்டியலும் சேலைப் படங்களும் அனுப்ப இது பெரிய விடுதலை.

சி.டி.எம்.ஏ. 1எக்ஸ் என்ற முந்தைய செல்பேசித் தொழில்நுட்பக் கார்டுகள் விநாடிக்குச் சுமார் 144 கிலோபிட் வேகமே தந்தன. மின்னஞ்சலுக்கு அது போதும், படங்களுக்குப் பொறுமை வேண்டும். 2009 பிப்ரவரியில் சென்னையில் பி.எஸ்.என்.எல். 3ஜி சேவை தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் 2010 அலைக்கற்றை ஏலத்துக்குப் பிறகே 3ஜிக்கு வந்தன. இத்தகைய 3ஜி கார்டுகள் பலவற்றின் உச்ச வேகம் விநாடிக்கு 3.6 மெகாபிட். செல்பேசிக் கோபுரம் தூரமாக இருந்தால் அது வெகுவாகக் குறையும். அப்போது நீட்டிப்பு வயரில் கார்டை மாட்டி ஜன்னலோரம் வைப்பார்கள். பின்னர் செல்பேசி ஹாட்ஸ்பாட் இதன் இடத்தைப் பிடித்தது.