சனிக்கிழமை தவிர்த்த காரைக்கால்

இளைப்பாறும் ஊர்கள் – 14

போன வாரம் ஜப்பானில், கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊரில் சுற்றினோம். ஏழு பொதுக் குளியல் கூடங்கள். யுகாட்டாவும் மரச்செருப்புமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதுதான் அங்கே ஒரு நாளின் முழு வேலை. குளிப்பதற்காகவே ஊர் தேடிப் போகிற வழக்கம் நமக்கும் உண்டு. காரைக்காலை அடுத்த திருநள்ளாறு நளதீர்த்தத்தில் சனிக்கிழமை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஆனால் இளைப்பாற வந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். நல்லெண்ணெய் தேய்த்து முழுக்குப் போட்டு, எள் தீபம் ஏற்றி, வரிசையில் நகர்ந்து சனீஸ்வரனைக் கும்பிட்டு, மத்தியானத்துக்குள் கும்பகோணம் பக்கம் கிளம்பியாக வேண்டும். மிச்சம் எட்டு கிரகங்கள் காத்திருக்கின்றனவே!

புதன், வியாழனில் வாருங்கள். அப்போதுதான் அது தர்ப்பாரண்யேசுவரர் கோயில் என்பதே நினைவுக்கு வரும். மூலவர் தர்ப்பைக் காட்டு ஈசர். சனிபகவான் அவர் வாசலில் நிற்பவர். ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று இது. இங்கே தியாகராசர் ஆடுவது உன்மத்த நடனம். மதுரை அனல்வாதத்தில் சம்பந்தர் தீயில் இட்டும் பச்சை மாறாமல் இருந்த ஏடு இந்தத் தலத்துப் பதிகம்தான் என்பது பெரியபுராணச் செய்தி. இதையெல்லாம் அசைபோட, பிராகாரத்தில் உட்கார இடம் கிடைக்க வேண்டாமா?

எனக்குப் பிடித்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது: தருமபுரம். மயிலாடுதுறையில் ஆதீனம் இருக்கும் தருமபுரம் வேறு. இங்கே சுவாமி பெயர் யாழ்மூரிநாதர். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர் இது. 'நீர் யாழ் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டுக்கு இத்தனை பெருமை' என்று உறவுக்காரர்கள் புகழ, பாணர் பதறிப்போனார். யாழில் அடங்காத பாட்டு ஒன்றைப் பாடுமாறு சம்பந்தரையே வேண்டினார். சம்பந்தர் பாடினார், நரம்பில் வரவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். சொந்தக்காரர் புகழ்ச்சிக்குக் கூச்சப்பட்ட கலைஞருக்கு நாட்டில் எத்தனை கோயில் இருக்கிறது? வேண்டுதல் பட்டியல் இல்லாமல் போவதற்கு ஏற்ற கோயில். உச்சிக்காலத்துக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள். காலையிலோ மாலையிலோ போங்கள்.

மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நடுவில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் துண்டு ஒன்று: காரைக்கால். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது; 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. உள்ளாட்சிக்கு இன்றும் 'கொம்யூன்' என்றுதான் பெயர். பிரெஞ்சு வாசனை தேடிப் புதுச்சேரி போலக் கடற்கரையோர மஞ்சள் மாளிகைகளை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். மாதா கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மஸ்தான் சாகிப் தர்கா வரை நடந்தால் ஊரின் குணம் பிடிபடும். புதுச்சேரி எல்லை என்றதும் சிலருக்கு நினைவுக்கு வரும் கடைகளைப் பற்றி இந்தத் தொடர் பேசாது.

வெயில் தாழ்ந்ததும் அரசலாற்றை ஒட்டிக் கிழக்கே போகும் கடற்கரைச் சாலையில் நடங்கள். காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கும் இடம் அது. ஒரு பக்கம் ஆற்றில் விசைப்படகுகள், எதிரே கடல். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்காருவார்கள். முகத்துவாரத்தில் இழுப்பு உண்டு. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டத்தோடு கூட்டமாக வர ஆசையிருந்தால் அதற்கும் ஒரு நாள் உண்டு. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையாரின் கதை முழுவதையும் ஊரே நடத்திக் காட்டும்: அம்மையாராகிய புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் கல்யாணம்; பிறகு பிட்சாடனர் வீதியுலா. சப்பரம் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையிலும் துண்டிலும் பிடிப்பார்கள்; குழந்தை வேண்டுகிற தம்பதிகளுக்கு அந்தப் பழம் பிரசாதம். கணவனுக்குக் கிடைத்த இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்குப் போட்ட பெண்ணுக்கு, ஊர் கூடை கூடையாகத் திருப்பித் தருகிறது. அறுபத்துமூவர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அவர்தான். அடுத்த முறை எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் பாருங்கள். திருவிழா நாள்களில் அறை கிடைப்பது கடினம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரயிலில் வருபவர்கள் நாகூர் வழியாக வரலாம். அந்தப் பாதை 2011இல் திறந்தது. நாகூரில் இறங்கி அந்த ஊர்ப் பலகாரமான வாடா தின்றுவிட்டு வருவது உங்கள் சாமர்த்தியம். அடுத்த வாரம் வடக்கே கொஞ்ச தூரம்: 1620இல் டென்மார்க்காரர்கள் வந்து கோட்டை கட்டிய தரங்கம்பாடி.

(பயணம் தொடரும்)